எல்லாம் "வாதம்" இல்லை: பாரிசவாதமும் எலும்பு மூட்டு நலமும்



இந்த இதழின் உடல்நலப் பகுதியில் ஒரு பாடம் தருகின்றோம். புரொண்பிக்குப் புதிதாக வந்தவர்கள், காம்பில் இருந்து முடிவுக்குக் காத்திருப்பவர்கள், காம்பிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லோரும் இதைப் படியுங்கள். படித்துவிட்டு வீட்டிலுள்ள வயது போனவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு சம்பவம். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஐயா. பெயர் வேண்டாம். ஒருநாள் காலை 8 மணிக்குத் தேத்தண்ணி குடிக்கேக்கை கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கை விறைப்பு. "குளிருக்கு வாதம் பிடிச்சிட்டுது" என்றார். வீட்டிலே எண்ணெய் காய்ச்சிப் பூசினார்கள், கம்பளியால் சுத்தினார்கள், படுக்க வைத்தார்கள். மத்தியானம் பேச்சுக் குழறியது. "அவர் நித்திரைத் தூக்கத்திலை கதைக்கிறார்" என்று விட்டுவிட்டார்கள். பின்னேரம் வாய் ஒரு பக்கம் இழுத்தபிறகுதான் அம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். உயிர் தப்பிவிட்டார். ஆனால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கும் நேரம் அப்போது தாண்டிவிட்டது. இன்று அவர் தடி பிடித்து நடக்கிறார், வலது கையால் சோறு அள்ள முடியாது.

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் போனது ஒரே ஒரு விடயம்: எது மூட்டுவாதம், எது பாரிசவாதம் என்பது. அதைத்தான் இன்றைக்குப் படிக்கப் போகிறோம்.

1. ஒரு சொல், பல நோய்

எங்கள் நாட்டு வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். அதனால் முழங்கால் நோவும் வாதம், நாரி பிடிப்பும் வாதம், கை கால் இழுத்தாலும் வாதம். இலங்கையில் பாரிசவாதம் என்பார்கள், தமிழ்நாட்டில் பக்கவாதம் என்பார்கள். மூட்டுக்கு வருவது மூட்டுவாதம். எல்லாவற்றுக்கும் கடைசியில் "வாதம்" இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் பாரிசவாதம் கை காலில் தொடங்குகிற நோய் அல்ல. அது மூளையில் நடக்கிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்ளும், அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசியும். கையை ஆட்டுகிற மூளைப் பகுதிக்கு இரத்தம் போகாவிட்டால் கை விழுந்துவிடும். கையில் ஒரு குறையும் இராது. எனவே கைக்கு எண்ணெய் பூசிப் பிரயோசனம் இல்லை.

மொழிபெயர்ப்பாளரோடு கதைக்கும்போதும் இந்தச் சொல் ஆளை மாட்டிவிடும். "இவருக்கு வாதம் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் டெனிஷில் "கிக்ட்" என்று சொல்லிவிடக்கூடும். "கிக்ட்" என்றால் மூட்டு நோய். அவசரம் இல்லை என்று அந்தப் பக்கத்தில் நினைப்பார்கள். ஆகவே பின்வரும் டெனிஷ் சொற்களைப் பாடமாக்குங்கள்:

"ப்ளொத்ப்ரொப்": இரத்தக் கட்டி. மூளையில் என்றால் "ப்ளொத்ப்ரொப் இ யேர்னன்".
"அப்பொப்லெக்சி": பாரிசவாதம். கட்டி, இரத்தக் கசிவு இரண்டுக்கும் பொதுவான மருத்துவச் சொல்.
"லெதகிக்ட்": மூட்டு வீங்கி அழலும் மூட்டுவாதம்.
"ஸ்லித்கிக்ட்": மூட்டுத் தேய்மானம்.

நோயின் பெயர் தெரியாவிட்டால் பெயரைச் சொல்லவே வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்: "திடீரென்று வலது கை விழுந்துவிட்டது, பேச முடியவில்லை." அதுவே போதும்.

2. எப்படி வேறுபிரித்து அறிவது?

மூட்டு, எலும்பு, தசை நோய் என்றால் பெரும்பாலும் வலிதான் முன்னுக்கு நிற்கும். அசைத்தால் நோகும், விட்டால் குறையும். நாட்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். மூட்டு வீங்கும், காலையில் இறுக்கமாக இருக்கும். எவ்வளவு நொந்தாலும் கை உங்கள் சொல் கேட்கும்.

பாரிசவாதம் திடீரென்று வரும். ஒரு நிமிசத்துக்கு முதல் நன்றாக இருந்தவர் இப்போது இல்லை. பெரும்பாலும் கையில் காலில் வலியே இராது. அதுதான் ஆபத்து, நோகாதபடியால் சனம் பயப்படுவதில்லை. உடம்பின் ஒரு பக்கம் பலம் குறையும் அல்லது விறைக்கும். பேச்சுக் குழறும், அல்லது சொல் வராது. ஒரு கண்ணில் அல்லது ஒரு பக்கத்தில் பார்வை மறையும். தலை சுற்றி நடை தள்ளாடும். இரத்தக் கசிவு என்றால் சிலருக்கு இதுவரை கண்டிராத கடுமையான தலையிடி திடீரென வரும்.

சந்தேகம் வந்தால் வீட்டில் பட்டிமன்றம் வைக்க வேண்டாம். பாரிசவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிழைத்துப்போனால் வெட்கம் இல்லை.

3. ஸ்ட்ரெக், ஸ்னக், ஸ்மில்

டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மூன்று சொற்கள் இவை. பாரிசவாதத்தை அடையாளம் காண இங்கே இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஸ்ட்ரெக் (நீட்டு): "இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டுங்கோ" என்று சொல்லுங்கள். ஒரு கை கீழே இறங்குகிறதா?
ஸ்னக் (பேசு): ஒரு சின்ன வசனத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லலாம். "இண்டைக்கு வெளியாலை நல்ல குளிர்." குழறுகிறதா? வேறு சொல் வருகிறதா?
ஸ்மில் (சிரி): பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

மூன்றில் ஒன்று பிழைத்தாலும் 112.

ஏன் இவ்வளவு அவசரம்? பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைத்தால் ஒவ்வொரு நிமிசமும் ஏறக்குறைய 19 இலட்சம் மூளைக் கலங்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக 4½ மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய குழாய் அடைப்பு என்றால் குழாய்வழி உள்ளே போய்க் கட்டியை இழுத்து எடுப்பார்கள். அது சிலருக்கு 24 மணித்தியாலம் வரையும் செய்யக்கூடியது. ஆனால் எல்லாவற்றிலும் முந்தினவருக்கே கூடிய பலன். தூக்கத்தால் எழும்பேக்கை கை கால் விழுந்திருந்தாலும் "நேரம் போட்டுது" என்று இருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

4. 112 அடித்தபிறகு

அமைதியாகக் கதையுங்கள். டெனிஷ் வராவிட்டால் ஆங்கிலத்தில் சொல்லலாம். விலாசத்தை ஒரு கடதாசியில் எழுதி ரெலிபோனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வீதிப்பெயர், வீட்டு இலக்கம், மாடி, இடது கதவா வலது கதவா என்பதும் வேண்டும். மாடிக் கட்டிடத்தில் இருப்பவர்கள் ஒருவரைக் கீழே அனுப்பிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் "112" என்ற டெனிஷ் அப் ஒன்று இறக்கி வைத்திருந்தால் அது நீங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பும்.

அம்புலன்ஸ்காரர் கட்டாயம் கேட்கும் கேள்வி: "கடைசியாக இவர் சுகமாக இருந்தது எத்தனை மணிக்கு?" மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். குடிக்கும் மருந்துப் பெட்டிகளையும் எடுத்துக் கொடுங்கள். முக்கியமாக இரத்தத்தை இளக்கும் மருந்து குடிக்கிறவர் என்றால் அதைச் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்:

தண்ணி, தேத்தண்ணி, மருந்து எதுவும் வாயால் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசைகள் வேலை செய்யாவிட்டால் அது நுரையீரலுக்குள் போகும்.
அஸ்பிரின் கொடுக்காதீர்கள். கட்டியா கசிவா என்று ஸ்கான் எடுத்தால்தான் தெரியும். கசிவு என்றால் அஸ்பிரின் நிலைமையைக் கெடுக்கும்.
எண்ணெய் பூசி உருவாதீர்கள். சுடுதண்ணிப் போத்தல் வைக்காதீர்கள். விறைத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து போகும்.
சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி தேடி ஓடாதீர்கள். கிட்டடியில் இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் இந்தச் சிகிச்சை உடனே கிடைக்காது. எங்கே கொண்டுபோவது என்பதை அம்புலன்ஸ்காரர் முடிவெடுப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு விசேட அறிவித்தல். உடம்பில் செல் சன்னம், குண்டுத் துண்டு, எலும்புக்குப் போட்ட கம்பி அல்லது தகடு இருந்தால் ஸ்கான் எடுக்க முதல் சொல்லிவிடுங்கள். இங்கே மூளைக்கு எம்.ஆர். ஸ்கான் எடுப்பது வழக்கம். அது பெரிய காந்தம். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது, கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் மிக ஆபத்து. சொன்னால் அதற்கு ஏற்றபடி சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். சண்டைக் காயத்தைச் சொன்னால் வழக்குக்கு ஏதும் வருமோ என்று மறைக்க வேண்டாம். டொக்டருக்கும் தாதிக்கும் இரகசியம் காக்கும் சட்டக் கடமை உண்டு.

5. பாரிசவாதத்துக்குப் பிறகு: எலும்பும் மூட்டும்

மூளையில் வந்த நோய் பிறகு எலும்பையும் மூட்டையும் தாக்கும். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபிறகு கவனமில்லாமல் இருந்தால் இரண்டாவது தடவை முடமாவது இங்கேதான்.

தோள் மூட்டு: தோளைப் பிடித்து வைத்திருப்பது எலும்பை விடத் தசைதான். தசை தளர்ந்தால் கையின் பாரமே தோளைக் கீழே இழுக்கும், மூட்டு இளகும். நாங்கள் நோயாளியைக் கட்டிலால் எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுப்போம், அல்லது கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்குவோம். இரண்டும் பிழை. தோள் நோவு பிடித்தால் பயிற்சியும் செய்ய முடியாது, நித்திரையும் வராது. இருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். எழுப்பும்போது இடுப்பிலும் தோள் பட்டையின் பின்புறத்திலும் பிடியுங்கள். எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரப்பிஸ்ட் செய்து காட்டுவார், வெட்கப்படாமல் கேளுங்கள். தலைக்கு மேலே கயிறு கட்டிக் கையை இழுத்து இழுத்துப் பயிற்சி கொடுப்பதை வீட்டில் செய்ய வேண்டாம்.

இறுக்கம்: சில கிழமைகளில் தளர்ந்த தசை எதிர்மாறாக இறுகத் தொடங்கும். விரல்கள் பொத்திக்கொள்ளும், முழங்கை மடங்கும், குதிக்கால் தரையில் படாது. அசைக்காமல் விட்டால் மூட்டு அப்படியே பிடித்துவிடும். ஒவ்வொரு நாளும் மூட்டுகளை மெதுவாக, நோகாத அளவுக்கு முழுத் தூரம் அசைக்க வேண்டும். பலவந்தம் கூடாது.

எலும்பு: எலும்பு பாரம் தாங்கினால்தான் உறுதியாக இருக்கும். காலை ஊன்றி நடக்காவிட்டால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் கரையும். விழுந்த பக்கத்து எலும்பு முதல் வருடத்திலேயே மெலியும். கையில் இது காலைவிடக் கூட.

விழுதல்: பலம் இல்லாத கால், மெலிந்த எலும்பு, தடுமாறும் நடை மூன்றும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறியும். பாரிசவாதம் வந்தவருக்கு இடுப்பெலும்பு முறிவு மற்றவர்களை விட 2 முதல் 4 மடங்கு கூடுதலாக வருகிறது. பெரும்பாலும் விழுந்த பக்கத்திலேயே முறிகிறது. எனவே சின்ன விரிப்புகளை எடுத்துவிடுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கட்டும். வழுக்கும் செருப்பு வேண்டாம். வீட்டுக்குள் குதிக்கால் பிடித்த சப்பாத்துப் போடலாம். குளிக்கும் இடத்தில் கைபிடி பூட்டுங்கள். பாதம் தொங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கும் சாதனம் உண்டு, கேளுங்கள்.

"அப்ப முதல் நாளே எழுப்பி நடத்துவமோ?" என்று கேட்பீர்கள். அதுவும் ஆஸ்பத்திரி சொல்கிற அளவில்தான். 2015 இல் வெளியான அவேர்ட் என்ற ஆய்வில் 5 நாடுகளில் 2,104 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பிக் கடுமையாகப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு 3 மாதத்தில் பலன் குறைவாகவே இருந்தது. முதலில் அளவாக, பிறகு விடாமல். அதுதான் முறை.

6. பயிற்சிக்கு யாரிடம் போவது?

வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கு: ஆஸ்பத்திரியால் விடும்போது பயிற்சி தேவை என்றால் டொக்டர் ஒரு பயிற்சித் திட்டம் எழுதித் தருவார். அதன் டெனிஷ் பெயர் "கென்ஒப்த்ரெனிங்ஸ்ப்லேன்". அதன்படி பெரும்பாலும் உங்கள் கொமூன் இலவசமாகப் பயிற்சி தரும். அந்தக் கடதாசி கைக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போக முதல் கேட்டு வாங்குங்கள். கொமூனிலிருந்து கடிதம் டிஜிற்றல் தபாலுக்குத்தான் வரும், பார்க்காமல் விடாதீர்கள்.

அகதித் தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களுக்கு: மஞ்சள் சுகாதார அட்டை உங்களுக்கு இல்லை. உங்கள் செலவை டெனிஷ் குடிவரவுச் சேவை ஏற்கிறது. அவசரமான, அவசியமான, வலி தீர்க்கும் சிகிச்சைகளுக்கு அவர்கள் பொறுப்பு. உங்கள் முதல் வாசல் காம்பில் இருக்கும் சுகாதாரப் பிரிவு. சாதாரண சிகிச்சைக்கு மேலான ஒன்று தேவை என்றால் அவர்கள்தான் அனுமதி கேட்டு எழுதுவார்கள். ஆகவே ஆஸ்பத்திரி தந்த கடதாசி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். "பயிற்சிக்கு அனுமதி கேட்டு எழுதினீர்களா? பதில் வந்ததா?" என்று விடாமல் கேளுங்கள். சும்மா இருந்தால் வாரங்கள் போய்விடும், மூட்டு காத்திருக்காது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டெனிஷ் பிள்ளைகளுக்கு உள்ள அதே மருத்துவ உரிமை உண்டு.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் "தமில்ஸ்க் தொல்க்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவின் நோயை 11 வயதுப் பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அதோடு பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தெரியவும் மாட்டாது.

7. மூட்டு நோவிலிருந்து பாரிசவாதம் வரலாமா?

இது மறுபக்கம். நேராக வராது. ஆனால் நான்கு வழியில் தொடர்பு உண்டு.

முதலாவது, நோ மருந்து. ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்றவை மூட்டு நோவுக்கு நல்லாக் கேட்கும். ஆனால் பிறஷரைக் கூட்டும். கூடிய அளவில் அல்லது நெடுகக் குடித்தால் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வாய்ப்பைக் கூட்டும். டென்மார்க்கில் நடந்து 2018 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், டைக்குளோபெனாக் குடிக்கத் தொடங்கினவர்களுக்கு முதல் 30 நாட்களில் இதய, இரத்தக்குழாய் நோய்கள் குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய 50 வீதம் கூடுதலாக வந்தது. இங்கே ஐபுபுரோபன் "இப்றென்" என்ற பெயரில் கடையில் கிடைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த "வோல்ற்றரன்" என்பது டைக்குளோபெனாக். பிறஷர், சலரோகம், இதய நோய் உள்ளவர்களும் முன்பு பாரிசவாதம் வந்தவர்களும் டொக்டரைக் கேட்காமல் இவற்றை வாயால் குடிக்க வேண்டாம். இரத்தம் இளக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவும் வரும். நீங்கள் ஊரில் பாவித்த பனடோல் இங்கே "பனோடில்" என்று கிடைக்கும்; அது பரசிற்றமோல். பெரியவர்களுக்கு அதுவே முதல் மருந்து. ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் குளிசை 8 க்கு மேல் போகக் கூடாது.

இரண்டாவது, மூட்டு வீங்கி அழலும் நோயான லெதகிக்ட். அந்த அழற்சி மூட்டோடு நிற்காது, இரத்தக் குழாயையும் பாதிக்கும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பாரிசவாத வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூட. விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கமாக இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். நோயை அடக்கும் மருந்து இருக்கிறது.

மூன்றாவது, அசையாமல் இருத்தல். முழங்கால் நோகுது என்று நடையை விடுவோம். நடை நின்றால் உடம்பு பாரம் ஏறும், சீனி ஏறும், பிறஷர் ஏறும். காம்பில் வேலை இல்லை, கவலை மட்டும் இருக்கிறது. படுத்தபடியே மாதங்கள் போகும். அதுவும் ஒரு வழி.

நான்காவது, கழுத்து முறித்தல். தலைமயிர் வெட்டுகிற இடத்திலும் வீட்டிலும் கழுத்தைப் படக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்கள். கழுத்தெலும்புக்குள்ளால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஓடுகிறது. சடாரென்று திருப்பினால் அதன் உட்சுவர் கிழிந்து கட்டி உண்டாகலாம். எப்போதாவது நடப்பதுதான், ஆனால் இளம் ஆட்களுக்கே நடந்திருக்கிறது. கழுத்தைப் பிடித்து நெரித்துச் சித்திரவதை செய்யப்பட்டவர்கள், கழுத்தில் அடி பட்டவர்கள் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். பிறகு புதிதாகக் கழுத்து நோவும் தலையிடியும் ஒரு பக்க விறைப்பும் சேர்ந்து வந்தால் 112.

8. வெயில் இல்லாத நாடும் எங்கள் எலும்பும்

ஊரில் எலும்புக்கு வேண்டிய விற்றமின் டி யை வெயில் சும்மா தந்தது. டென்மார்க்கில் ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரை வெயிலில் அதற்குப் பலம் இல்லை. எங்கள் கறுத்தத் தோலுக்குக் கோடையிலும் கூட நேரம் வேண்டும். அதனால் டெனிஷ் சுகாதாரச் சபை கறுத்தத் தோல் உள்ளவர்களும் உடம்பு முழுக்க மூடி உடுப்பவர்களும் வருடம் முழுவதும் தினம் 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி எடுக்கச் சொல்கிறது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 20 மைக்கிரோகிராமும் அதோடு 800 முதல் 1,000 மில்லிகிராம் கல்சியமும். குளிசை மருந்துக்கடையிலும் பெரிய கடைகளிலும் வாங்கலாம். கூடக் குடித்தால் கூட நல்லம் என்று நினைக்க வேண்டாம், சொன்ன அளவு போதும்.

உடம்பெல்லாம் உளைவு, தொடை பலம் இல்லை, படி ஏறக் கஷ்டம் என்று சொல்கிறவர்களில் சிலருக்கு இந்தச் சத்துக் குறைவே காரணம். அதை "வாதம்" என்று சொல்லாமல் இரத்தச் சோதனை கேளுங்கள்.

9. வராமல் தடுப்பது

32 நாடுகளில் நடந்து 2016 இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின்படி, பாரிசவாதத்தில் ஏறக்குறைய 90 வீதம் மாற்றக்கூடிய 10 காரணங்களோடு தொடர்பானது. அவற்றில் முதலாவது பிறஷர். பிறஷருக்கு நோவு இல்லை, அளந்தால்தான் தெரியும். டொக்டரிடம் அளக்கும்போது 140 க்கு 90 அல்லது அதற்கு மேல் நிற்கிறதென்றால் கவனம். பிறஷர் குளிசையைச் சுகம் என்று நினைத்து நிறுத்தாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை முடிய முதலே சுகாதாரப் பிரிவில் வெற்றுப் பெட்டியைக் காட்டுங்கள்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் இந்தக் கணக்குக்குள்தான். முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், தயிர், கீரை எலும்புக்கு நல்லது. சிகரெட்டை விடுங்கள். மதுவைக் குறையுங்கள்.

நடவுங்கள். காசு தேவையில்லை. புரொண்பிக்குத் தெற்கே 1980 இல் திறந்த கடற்கரைப் பூங்கா இருக்கிறது, 7 கிலோமீற்றர் நீளம். உள்பக்கத்தில் பழைய கோட்டை அரணான வெஸ்ட்வொல்டன் ஓரமாக மரநிழலில் மட்டமான பாதை போகிறது. ஒரு நாளைக்கு 30 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில். முழங்கால் நோவு உள்ளவர்கள் 10, 10 நிமிசமாகப் பிரிக்கலாம். மூட்டுத் தேய்மானத்துக்கும் நடைதான் மருந்து. நடந்தால் தேயும் என்பது பிழையான எண்ணம். பனிக்காலத்தில் சப்பாத்துக்கு முள்ளுப் பட்டி மாட்டுங்கள்.

10. கேள்வி பதில்

கேள்வி: என்னட்டை மஞ்சள் காட் இல்லை. 112 அடிச்சா வருவினமோ? காசு கேப்பினமோ?
பதில்: வருவார்கள். டென்மார்க்கில் நிற்கும் எவருக்கும் அவசர ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: வாய் கோணினது, 10 நிமிசத்திலை தானா நேராயிட்டுது. இனிப் பயமில்லைத்தானே?
பதில்: இல்லை, அது எச்சரிக்கை மணி. கட்டி வந்து தானே கரைந்திருக்கும். அடுத்த சில நாட்களில் பெரிதாக வரும் ஆபத்து அதிகம். குணமாகிவிட்டாலும் அன்றே 112 அடியுங்கள்.

கேள்வி: சாதாரண மூட்டு நோவுக்கு ஆரிட்டைப் போறது?
பதில்: காம்பில் இருப்பவர்கள் சுகாதாரப் பிரிவுக்கு. வதிவிட அனுமதி உள்ளவர்கள் குடும்ப டொக்டருக்கு. டொக்டர் இல்லாத நேரத்தில், உயிராபத்து இல்லாத அவசரத்துக்குத் தலைநகரப் பகுதியில் 1813 அடித்துக் கேட்கலாம். பாரிசவாதச் சந்தேகத்துக்கு 1813 அல்ல, 112 மட்டும்.

கேள்வி: ஆஸ்பத்திரியிலை நிக்கேக்கை அகதி விசாரணைத் திகதி வந்தா?
பதில்: உடனே அறிவியுங்கள். பாரிசவாதம் ஞாபகத்தையும் பேச்சையும் பாதிக்கும். திகதிகளைத் தடுமாறிச் சொன்னால் பொய் என்று எடுத்துவிடுவார்கள். ஆகவே விசாரணைக்கு முதலே டொக்டர் கடிதம் வாங்கி, காம்ப் அலுவலரிடமும் சட்டத்தரணி இருந்தால் அவரிடமும் கொடுங்கள். டெனிஷ் அகதிகள் சபையும் தஞ்சம் கோருவோருக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது.

கேள்வி: ஊர் எண்ணெய், கசாயம் பாவிக்கலாமோ?
பதில்: ஆஸ்பத்திரியால் வந்தபிறகு மெதுவாக எண்ணெய் பூசுவதில் கெடுதல் இல்லை. கசாயம், மூலிகைக் குளிசை என்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் இரத்தம் இளக்கும் மருந்தோடு மோதும்.

பாடச் சுருக்கம்

இந்தப் பகுதியை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.

திடீரென்று, ஒரு பக்கம், வலி இல்லாமல்: பாரிசவாதம் என்று எடு.
ஸ்ட்ரெக், ஸ்னக், ஸ்மில்: ஒன்று பிழைத்தால் 112.
கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்தை எழுது.
வாயால் ஒன்றும் கொடாதே. எண்ணெய் பூசாதே.
உடம்பில் சன்னம், கம்பி இருந்தால் சொல்லு.
விழுந்த கையைப் பிடித்து இழுக்காதே, தலையணை வை.
பிறஷர் அள, நட, விற்றமின் டி எடு.

இன்றைக்கு இரவே வீட்டில் ஒருமுறை பழகிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஒருவர் நோயாளி மாதிரி இருக்க, மற்றவர் மூன்று சோதனையும் செய்து விலாசத்தைச் சத்தமாகச் சொல்லட்டும். அந்த ஐயாவின் மனைவி எங்களிடம் சொன்னது இதுதான்: "தெரிஞ்சிருந்தா எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலை வைச்சிருக்க மாட்டன், ரெலிபோனைத்தான் எடுத்திருப்பன்."

இப்போது உங்களுக்குத் தெரியும். தெரியாத இன்னும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.